சிரிச்சு முடிச்சாச்சு, இப்ப கேள்விகள்: எடை குறைச்ச தொடருக்கு வந்த கடிதங்கள்

நான் எடை குறைச்ச கதை இந்த இதழ்ல தொடரா வந்து முடிஞ்சதுல இருந்து கடிதம், வாட்ஸப், வாய்ஸ் நோட்டுன்னு வந்துகிட்டே இருக்கு, தொண்டில இருந்து சாயல்குடி வரைக்கும், அங்கிட்டு வளைகுடா நாட்டுல வேலை பாக்குற நம்மாளுக வரைக்கும். தொடர வாசிக்காதவுகளுக்கு சுருக்கமா சொல்லிர்றேன்: பிள்ளைக பிறந்து, எடை ஏறி, சுகர் வர்ற எல்லையில நிக்குதுன்னு டாக்டர் சொன்ன பிறகு, உச்சிப்புளி பக்கத்துல ஒரு கூட்டுக்குடும்பத்துக்குள்ள இருந்துகிட்டே நான் இளைச்ச கதைய சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தேன். பஸ் ஸ்டாண்டு எடை மெஷின், அளவு எடுக்குற டெய்லர் அக்கா, மாமியாரோட பலகாரத் தூக்குவாளி எல்லாம் அதுல வரும். இங்க பதில்க அந்த மாதிரி இருக்காது, ஏன்னா கேட்டவுக மனசு விட்டு கேட்டுருக்காக, நானும் அதே மாதிரிதான் பதில் சொல்லணும். பேரு போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால எல்லாருக்குமே ஊர் மட்டும் போட்டுருக்கோம்.

தேவிபட்டினம், ஒரு வாசகி: அக்கா, எடை மெஷின் அத்தியாயத்த நான்தான் சத்தமா வாசிச்சேன், வீடே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. மறுநாள்ல இருந்து எங்க வீட்டுக்காரரும் கொழுந்தனும் என்னைய "மெஷினு"ன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாக. நானும் சிரிச்சுகிட்டேதான் இருக்கேன், ஆனா வலிக்குது. நீங்க எழுதாமலே இருந்துருக்கலாமோன்னு கூட தோணுச்சு.

தங்கச்சி, வந்ததுல இந்தக் கடிதத்தத்தான் முதல்ல போடணும்னு ஆசிரியர்கிட்ட கேட்டு வாங்குனேன். அந்த அத்தியாயத்துல சிரிக்கிறது நானு, சிரிப்புக்கு ஆளானதும் நானு, அதுவும் எல்லாத்தையும் தாண்டி வந்து நிம்மதியா உக்காந்து எழுதும்போது வந்த சிரிப்பு அது. ஒரு பொம்பள தன் உடம்ப பத்தி தானா சிரிக்கிறதுக்கும் அந்த உடம்ப பாத்து அடுத்தவுக சிரிக்கிறதுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. கேலி பண்ணா ரோஷம் வந்து இளைச்சிருவாகன்னு நம்ம பக்கம் ரொம்ப பேர் உண்மையாவே நம்புறாக, நல்லதுக்குத்தான் சொல்றேன்னு வேற சொல்லுவாக. ஆராய்ச்சி சொல்றது நேர் எதிர். எடைக்காக கேலிக்கு ஆளாகிறவுக கூடுதலா சாப்பிடுறாக, வெளிய நாலு பேர் பாக்க நடக்கக் கூச்சப்படுறாக, ஆஸ்பத்திரிக்குப் போனா அங்கயும் திட்டுவாகளோன்னு போறத தள்ளிப் போடுறாக, இது பல நாட்டுல பாத்து எழுதுன விஷயம். நம்ம தெருவுல பாத்தாலே தெரியும், கேலிக்கு பயந்து கல்யாண வீட்டுக்கே வராம இருக்குற பொம்பளைக எத்தன பேர் இருக்காக.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். எல்லாரும் கூடி இருக்கும்போது வேணாம், வீட்டுக்காரர் தனியா இருக்கும்போது, "இந்தப் பேரு எனக்கு வலிக்குது, இனிமே கூப்பிடாதீக"ன்னு அப்படியே சொல்லுங்க, சிரிச்சுகிட்டு சொல்லாதீக. சொல்ல வரலேன்னா இந்தப் பக்கத்த மடிச்சு அவருகிட்ட குடுங்க. தம்பி, நீங்க இத வாசிச்சா, உங்க வீட்டுப் பொம்பள அந்த அத்தியாயத்த சத்தமா வாசிச்சது உங்க எல்லார் மேலயும் உள்ள நம்பிக்கையில. அந்த நம்பிக்கைய காப்பாத்திக் குடுங்க, இன்னைக்கே குடுங்க, உங்க தம்பிகிட்டயும் நீங்களே சொல்லிருங்க.

பெரியபட்டினம், இப்ப துபாய்: அக்கா, கதை எல்லாம் சூப்பர், ஆனா என்ன சாப்பிட்டீக, எதக் குறைச்சீகன்னு கணக்கே எழுதல. நாங்க ரூம்ல பேச்சிலரா இருக்கோம், வந்தப்ப இருந்த பேன்ட் எதுவும் இப்ப சேரல. கணக்கா சொல்லுங்க.

சொல்றேன் தம்பி, கணக்குல ஒண்ணும் ரகசியம் இல்ல. எண்ணெய் 1 கிராமுக்கு 9 கலோரி, சோத்துல இருக்க மாவுச்சத்து, சர்க்கரை, மீனுல இருக்க புரதம் இதெல்லாம் 1 கிராமுக்கு 4 கலோரி. வெந்த சோறு 100 கிராம்னா சுமார் 130 கலோரி வரும், ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெய்லயே கிட்டத்தட்ட 120 வந்துரும். அதனால நான் முதல்ல கை வச்சது சோத்துல இல்ல, எண்ணெயிலயும் டீயிலயும்தான். ஒரு டீக்கு ரெண்டு ஸ்பூன் சீனின்னா 10 கிராம், நாளைக்கு அஞ்சு டீ குடிச்சா 50 கிராம், அதுவே 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கிற சர்க்கரை மொத்த கலோரில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5 சதவீதத்துக்குள்ள வந்தா இன்னும் நல்லதுன்னு சொல்லுது, 2000 கலோரி சாப்பிடுறவுகளுக்கு அது 50 கிராம், 25 கிராம்னு வரும். அப்ப டீயிலயே முழு அளவும் முடிஞ்சு போகுது பாருங்க, பலகாரம், கலரு, ஜூஸ் எல்லாம் அதுக்கு மேல.

உங்க ரூம் கதை எனக்கு நல்லா தெரியும், என் கூடப் பிறந்தவுக அங்கதான் இருந்தாக. நைட் ஷிஃப்ட் முடிச்சு வந்து குப்பூஸும் கறியும் ஒரு கேன் கோலாவும், உடனே தூக்கம். அந்த ஒரு கேன்லயே சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கு, அத மட்டும் தண்ணியா மாத்துங்க, மத்தத அப்புறம் பாப்போம். ரூம்ல சமையல் முறை வச்சுருப்பீக, ஆளுக்கு ஒரு நாள்னு. ஒரு ஆள் மட்டும் டயட் இருந்தா அது ரெண்டு வாரத்துல நின்னு போகும், எல்லாரும் சேந்து சட்டில ஊத்துற எண்ணெய குறைச்சா யாருக்கும் தனியா கஷ்டம் தெரியாது. தட்டுல பாதி காய்கறி, கீரை, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ, மிச்ச கால்வாசி சோறு, நான் பண்ணது இவ்வளவுதான், அங்கயும் பண்ணலாம். இன்னொண்ணு, சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்குறவுக ரூம்ல இருந்தா டாக்டர்கிட்ட சொல்லாம திடீர்னு சாப்பாட்ட குறைக்க வேணாம், சுகர் ரொம்ப இறங்கி மயக்கம் வந்துரும்.

ராமநாதபுரம், ஒரு வாசகர்: கொள்ளு ரசம் குடிச்சா எடை குறையுமா? "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்கு கொள்ளு"ன்னு சொல்றாங்களே.

கொள்ளுல புரதமும் நார்ச்சத்தும் நல்லா இருக்கு, சாப்பிட்டா சீக்கிரம் பசிக்காது, அதனால உதவி பண்ணும். ஆனா ரசமா தெளிவ மட்டும் எடுத்துக் குடிச்சுட்டு, மேல அதே அளவு சோறு சாப்பிட்டா ஒண்ணும் நடக்காது. சுண்டலா, துவையலா, பருப்பாவே சாப்பிடுங்க.

கீழக்கரை, ஒரு லாத்தா: தங்கச்சி, தொதலும் வட்டலாப்பமும் இல்லாம எங்க ஊர்ல ஒரு நல்லது கெட்டது உண்டுமா? விருந்துக்குப் போயி சஹன்ல, ஒரே பெரிய தட்டுல, நாலு பேரோட உக்காந்தா எவ்வளவு சாப்பிடுறோம்னே தெரியாது, வேணாம்னு சொன்னா வீட்டுக்காரவுகளுக்கு முகம் வாடிப் போகும். நோன்பு மாசத்துலயும் எடை கூடத்தான் செய்யுது. நீங்க இதப்பத்தி எழுதவே இல்லையே.

லாத்தா, நல்லா கேட்டீக. உங்க ஊர் தொதல எனக்கும் ரொம்ப பிடிக்கும், அத விடச் சொல்ல எனக்கு மனசு வராது, விடவும் வேணாம். அரிசி மாவும் தேங்காப்பாலும் இனிப்பும் மணிக்கணக்கா கிண்டி எடுக்குற பண்டம், ஒரு துண்டு வாயில போட்டு மெதுவா சாப்பிடுறதுக்குன்னே உண்டான பண்டம் அது. பிரச்சனை தொதல்ல இல்ல, டப்பா டப்பாவா வாங்கி வீட்ல கண்ணு படுற இடத்துல வைக்கிறதுலதான் இருக்கு. கருப்பட்டி போட்டா ஒண்ணும் பண்ணாதுன்னு சில பேர் சொல்லுவாக, அதையும் நம்பாதீக, கலோரி கணக்குல கருப்பட்டியும் சீனியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

சஹன் விஷயத்துல நான் கண்ட வழி ஒண்ணு இருக்கு. ஒரே தட்டுல நாலு பேர் சாப்பிடும்போது நம்ம எவ்வளவு சாப்பிட்டோம்னு நமக்குத் தெரியாதுங்கிறீகளே, அதே மாதிரி நம்ம கம்மியா சாப்பிட்டதும் யாருக்கும் தெரியாது. கறிய முதல்ல எடுங்க, சோத்த கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மெதுவா சாப்பிடுங்க, கூட உக்காந்தவுககிட்ட பேசுங்க. வேணாம்னு சொல்லவே தேவையில்ல, யாரு முகமும் வாடாது.

நோன்பு மாசத்துல எடை கூடுறது நோன்பால இல்ல, நோன்பு திறந்த பிறகு நடக்குறதுல. கஞ்சி நல்ல சாப்பாடு, அதுல அரிசி, பருப்பு எல்லாம் இருக்கு, அதுவே வயித்துக்கு போதும். கூட வர்ற சமோசா, வடை, பஜ்ஜி, கலர் சர்பத், பிறகு தராவீஹ் ராத்தொழுகை முடிச்சு வந்து ஒரு முழு சாப்பாடு, பிறகு விடியுறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாடு, எல்லாம் சேந்துதான் ஏத்துது. பேரீச்சம்பழமும் தண்ணியும் கஞ்சியும் எடுத்துட்டு, பொரிச்சத வாரத்துக்கு ஒரு நாள்னு வச்சுக்கங்க. உங்க வீட்டு அடுப்படி உங்க கையிலதானே இருக்கு லாத்தா, நீங்க பொரிக்கலேன்னா வீட்ல யாரும் பொரிக்கப் போறது இல்ல, எல்லாருக்கும் சேத்து நல்லது.

பாம்பன், மீனவர் குடும்பம்: எங்க வீட்டுக்காரரு கடலுக்குப் போறப்ப உடம்பு கல்லு மாதிரி இருக்கும். தடைக்காலம் வந்தா வயிறு போட்டுரும். இப்ப முட்டி வலின்னு கடலுக்குப் போறதையே குறைச்சுட்டாக, ஆனா சாப்பாடு மட்டும் அதே அளவு. குறைச்சு வச்சா கோவம் வருது. என்ன பண்றது?

மதினி, இந்தக் கடற்கரை முழுக்க இதுதான் நடக்குது, ஆனா யாரும் பேசுறது இல்ல. வலை இழுக்குற உடம்புக்கு அவ்வளவு சோறும் வேணும், அதுல தப்பே இல்ல. விசைப்படகுக்கு ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை, அந்த நாள்ல உடம்பு செய்யுற வேலை பாதிக்கும் கீழ போயிருது, பசி மட்டும் பழக்கத்துல அப்படியே நிக்கும். வருஷா வருஷம் கொஞ்சம் கூடி, திரும்பக் கடலுக்குப் போயி கொஞ்சம் குறைஞ்சு, கடைசில கடலுக்குப் போறத நிறுத்துற வயசுல மொத்தமா நின்னுருது. அந்த வயசுலதான் பிரஷரும் சுகரும் வருது.

குறைச்சு வைக்காதீக, மாத்தி வையுங்க. ஆம்பளைக்கு தட்டுல சோத்த குறைச்சா அது மரியாதைக் குறைவா தெரியும், எனக்கும் அது புரியுது, உழைச்ச மனுசருக்கு வயசு போன காலத்துல சோத்துல கை வச்சா வலிக்கத்தான் செய்யும். சோத்துக் கரண்டிய எண்ணாம, மீன கூட்டி வையுங்க. உங்க வீட்ல மீனுக்கு பஞ்சம் இருக்காது, சாளை, சூடை, காரல்னு சின்ன மீன் எல்லாமே புரதம், சாளையில ஒமேகா 3 கொழுப்பும் நிறைய. குழம்பா வையுங்க, பொரிக்கிறத குறைங்க. முருங்கக்கீரை வதக்கி பெரிய கரண்டியா வையுங்க, தட்டு நிறைஞ்சுதான் இருக்கும், அவருக்கும் கோவம் வராது. கருவாடு பத்தி ஒண்ணு சொல்லணும், கருவாட்டால எடை ஏறாது, ஆனா உப்பு. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள்ள இருக்கணும்னு சொல்றாக, பிரஷர் உள்ளவுக பழைய சோத்துக்கு கருவாடு தினமும் தொட்டுக்க வேணாம், சின்ன வெங்காயமும் மோருமே நல்லா இருக்கும். பிரஷர், சுகர் பாத்து எவ்வளவு நாள் ஆச்சு அவருக்கு? மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச அரசுத் திட்டத்துல வீட்டுக்கே வந்து பாக்குறாக, மாத்திரையும் குடுக்குறாக, உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டு பேரு எழுதி வச்சுருங்க.

பாம்பன் பக்கம், பாசி எடுக்குற ஒரு அம்மா (வாய்ஸ் நோட்டுல சொன்னது): நீங்க எழுதுனத என் மக வாசிச்சுக் காட்டுனா. நல்லா இருந்துச்சு, சிரிச்சேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கோவிச்சுக்காதீக. நாங்க காலைல கஞ்சிய குடிச்சுட்டு தண்ணிக்குள்ள இறங்கி மணிக்கணக்கா முங்கி முங்கி பாசி எடுக்குறவுக. எங்களுக்கு எடைய குறைக்கணும்னு கவலை இல்ல, அடுத்த வேளை என்னங்கிறதுதான் கவலை. இது வசதியானவுக கதை.

அம்மா, கோவமே இல்ல, உங்க குரல ரொம்ப தடவை கேட்டேன், கேக்கக் கேக்க இது எல்லாருக்கும் போய்ச் சேரணும்னு தோணுச்சு. நீங்க சொல்றது சரி. உப்புத் தண்ணிக்குள்ள முங்கி, பாறையில கை கிழிஞ்சு வேலை பாக்குற உடம்புக்கு யாரும் சாப்பாட்ட குறைக்கச் சொல்லக்கூடாது, என் தொடர்ல உள்ள எதையும் நீங்க உங்களுக்குன்னு எடுத்துக்க வேணாம். உங்களுக்கு வேண்டியது கூடுதலா சாப்பாடு, முட்டை, பருப்பு, கீரை, ரத்தத்துல இரும்புச்சத்து சரியா இருக்கான்னு ஒரு டெஸ்ட்.

ஆனா இத வசதியானவுக நோய்னு மட்டும் விட்டுறவும் எனக்கு மனசு ஒப்பல. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15 வயசுல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைகள்ல 100க்கு 40 பேருக்கு எடை கூடுதலா இருந்துச்சு. நூத்துக்கு நாப்பது பேரும் வசதியானவுகளா இருக்க முடியாதுல்ல. ரேஷன் அரிசியும், மலிவா கிடைக்கிற எண்ணெய்ப் பலகாரமும், சீனி டீயும்தான் கையில காசு கம்மியா உள்ளவுக வயித்த நிரப்புது, காயும் பழமும் விலை கூட. உங்க கூட முங்குன அக்காமாரு முட்டி போயி, இடுப்பு போயி வீட்ல உக்காந்த பிறகு எப்படி இருக்காகன்னு யோசிச்சுப் பாருங்கம்மா. அவுகளுக்காகவும்தான் நான் எழுதுனேன். உங்க மக வாசிச்சுக் காட்டுனது எனக்கு பெரிய சந்தோசம், அவள நிறுத்தாம படிக்க வையுங்க.

ராமநாதபுரம், ஒரு வாசகி: இப்ப வாரம் ஒரு ஊசி போட்டா எடை குறையுதாமே, எதுக்கு இவ்வளவு கஷ்டப்படணும்?

நீங்க சொல்றது செமாக்ளுடைட், டிர்செபடைட்னு ரெண்டு மருந்து. டிர்செபடைட் ஊசியான மவுஞ்சாரோ 2025 மார்ச்லயும், செமாக்ளுடைட் ஊசியான வெகோவி அதே வருஷம் ஜூன்லயும் இந்தியாவுக்கு வந்துச்சு. வேலை செய்யுற மருந்துதான், பொய் இல்ல. பசிய குறைக்கும், வயித்துல சாப்பாடு கூடுதல் நேரம் நிக்கும். செமாக்ளுடைட் ஆய்வுல 68 வாரத்துல சராசரியா 15 சதவீதம் எடை குறைஞ்சுச்சு. ஆனா அதே ஆய்வுல மருந்த நிறுத்துன ஒரு வருஷத்துல, குறைஞ்சதுல மூணுல ரெண்டு பங்கு திரும்ப ஏறிருச்சு. குமட்டல், வாந்தி, வயித்துப்போக்கு சாதாரணமா வரும், பித்தப்பை, கணையத்துல பிரச்சனை சில பேருக்கு வரும், குடும்பத்துல மெடுல்லரி தைராய்டு கேன்சர் இருந்தவுக, பிள்ளை உண்டாயிருக்குறவுக, உண்டாகணும்னு இருக்குறவுக போடக்கூடாது. எடை ரொம்ப கூடி, சுகரும் சேந்து, மூச்சு வாங்குற நிலையில உள்ளவுகளுக்கு டாக்டர் எழுதிக் குடுத்தா தாராளமா போடலாம், ஊசி போடுறது ஒண்ணும் கேவலம் இல்ல, அப்படிச் சொல்றவுகள நம்பாதீக. ஒரு கல்யாணத்துக்குள்ள நாலு கிலோ குறைக்கணும்னு சீட்டு இல்லாம எங்கயாவது வாங்கிப் போடுறதுதான் வேணவே வேணாம்.

ஏர்வாடி, ஒரு வாசகி: தெரிஞ்ச அக்கா ஒரு பவுடர் விக்கிறாக, சாப்பாட்டுக்குப் பதிலா கலக்கிக் குடிக்கணுமாம்.

வாங்காதீக. அந்தக் காசுக்கு மீனும் முட்டையும் காயும் வாங்குங்க. அந்த அக்கா மேல கோவப்படவும் வேணாம், அவுகளுக்கும் யாரோ தலையில கட்டியிருப்பாக.

தொண்டி, ஒரு அம்மா: ஏழாவது படிக்கிற என் மக உங்க தொடர விடாம வாசிச்சா. இப்ப "நானும் குறைக்கப் போறேன்"னு காலைல சாப்பிடாம பள்ளிக்கூடம் போறா. அவ அப்படி ஒண்ணும் குண்டு இல்ல. சொன்னா கேக்க மாட்டேங்குறா.

இந்தக் கடிதம் எனக்கு ரொம்ப கவலையா இருக்கு, அதனால தெளிவா சொல்லிர்றேன், உங்க மககிட்டயும் வாசிச்சுக் காட்டுங்க. கண்ணு, அந்தத் தொடர் வளர்ந்து முடிஞ்ச, சுகர் வரப் போகுதுன்னு டாக்டர் சொன்ன ஒரு பெரிய பொம்பளைய பத்தினது. நீ வளர்ற பிள்ள. எலும்பு நீளுற வயசு, பெரியவளாகுற வயசு, இந்த வயசுல எடை கூடத்தான் வேணும், கூடலேன்னாதான் பயப்படணும். பெரியவுகளுக்கு உள்ள எடைக் கணக்கு உனக்குப் பொருந்தாது, பிள்ளைகளுக்கு வயசுப்படி வேற அட்டவணை இருக்கு, அதப் பாத்து டாக்டர் மட்டும்தான் சொல்ல முடியும். காலைல சாப்பிடு, இட்லியோ, பழைய சோறோ, ஒரு முட்டையோ எதுவா இருந்தாலும். சாயந்திரம் விளையாடு. நான் உன் கூடப் பேசணும்னா அம்மாகிட்ட சொல்லி இதழுக்கு எழுதச் சொல்லு, நான் பதில் எழுதுவேன்.

அம்மாவுக்கு: அவள யாரு என்ன சொன்னாகன்னு மெதுவா கேளுங்க, பள்ளிக்கூடத்துல யாரோ பேரு வச்சுருக்கலாம், சொந்தக்காரவுக யாரோ ஒரு விசேஷத்துல ஒரு வார்த்தை விட்டுருக்கலாம். பேரு வச்சது தெரிஞ்சா டீச்சர்கிட்ட நேர்ல போயி பேசுங்க. வீட்ல அவ முன்னாடி உங்க எடை, அத்தை எடைன்னு எதையும் பேசாதீக. சாப்பிடாம இருக்குறது தொடர்ந்தாலோ, சாப்பிட்டுட்டு போயி வாந்தி எடுக்குறாளோன்னு சந்தேகம் வந்தாலோ தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட கூட்டிப் போங்க.

மண்டபம், ஒரு வாசகர்: முதல்ல மளமளன்னு குறைஞ்சுச்சு, இப்ப முள்ளு நகரவே மாட்டேங்குது. விட்டுறலாமான்னு இருக்கு.

விடாதீக அண்ணே. முதல்ல மளமளன்னு போனதுல நிறைய தண்ணி, உடம்புல சேமிச்ச மாவுச்சத்து கரையும்போது அது பிடிச்சு வச்சுருக்குற தண்ணியும் சேந்து வெளிய போகும். பிறகு கொழுப்பு மெதுவாத்தான் போகும். எடை குறைஞ்ச உடம்புக்கு முன்ன மாதிரி கலோரியும் தேவைப்படாது, உடம்பும் கொஞ்சம் சிக்கனமா நடந்துக்கும், அதனால நடுவுல நிக்கிறது எல்லாருக்கும் வர்றதுதான். எடைய தினமும் பாக்காதீக, வாரத்துக்கு ஒரு நாள் ஒரே நேரத்துல பாருங்க, கூடவே டெய்லர் டேப்ப எடுத்து இடுப்பச் சுத்தி அளந்து எழுதி வையுங்க. நம்ம நாட்டு உடம்புக்கு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 சென்டிமீட்டர தாண்டுனா ஆபத்துன்னு கணக்கு. பிஎம்ஐயும் (உயரத்துக்கு எடை சரியான்னு பாக்குற கணக்கு) நமக்கு 23ல இருந்தே கூடுதல், வெளிநாட்டுக் கணக்கு மாதிரி 25 இல்ல. 155 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஒருத்தருக்கு அது சுமார் 55 கிலோ. இதக் கேட்டு மலைச்சுப் போயிராதீக, 55க்கு வந்தாத்தான் பலன்னு இல்ல. இருக்குற எடையில 5ல இருந்து 10 சதவீதம் குறைஞ்சாலே சுகரும் பிரஷரும் இறங்க ஆரம்பிக்கும், 80 கிலோ ஆளுக்கு 4 கிலோவே ஒரு பெரிய காரியம். நீங்க அத ஏற்கனவே தாண்டியிருப்பீக, அதுக்கு சந்தோசப்படுங்க. ரொம்ப நாளா அசையவே இல்ல, அசதியாவும் இருக்குன்னா தைராய்டு ஒரு தடவை பாத்துருங்க.

அழகன்குளம், ஒரு வாசகி: நடக்கணும்னு ஆசை. ரோட்ல இறங்குனா "எங்க போறீக"ன்னு எல்லாரும் கேக்குறாக, பகல்ல வெயில் வேற.

கேக்குறவுகளையும் கூட்டிகிட்டு நடங்க! உண்மையாத்தான் சொல்றேன், எங்க தெருவுல கேள்வி கேட்ட ரெண்டு மதினிமாருதான் இப்ப எனக்கு முன்னாடி வாசல்ல வந்து நிக்கிறாக. வாரத்துக்கு 150 நிமிஷம், அதாவது அஞ்சு நாள் அரை மணி நேரம் வேகமா நடந்தா போதும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. விடியக்காலம் பஜ்ர் தொழுகை முடிஞ்ச உடனே, இல்லேன்னா அஸ்தமிக்கிற நேரம், நம்ம ஊர் வெயிலுக்கு வேற நேரம் கிடையாது. கடற்கரைன்னா ஈர மணல்ல நடங்க, புதை மணல்ல நடந்தா முட்டியும் கணுக்காலும் வலிக்கும். வெளிய போகவே முடியாதவுகளுக்கு மொட்ட மாடி போதும். வாரத்துல ரெண்டு நாள் நாற்காலில இருந்து கையூனாம எந்திரிச்சு உக்காருங்க, மூச்சு வாங்குற வரைக்கும், தொடையில தசை இருந்தாத்தான் முட்டி தாங்கும்.

உச்சிப்புளி, ஒரு மாமியார்: உங்க தொடர வாசிச்சுட்டு என் மருமக தனிச் சட்டில தனக்கு மட்டும் சமைக்கிறா. ஓட்ஸுங்குறா, என்னென்னமோ சொல்றா. அவ தனியா உக்காந்து சாப்பிடுறத பாக்க எனக்கு என்னமோ போல இருக்கு. நான் வைக்கிற குழம்பு அவ்வளவு மோசமா?

அத்தை, உங்க குழம்பு மோசமே இல்ல, உங்க மருமகளும் உங்கள ஒதுக்கல. அவளுக்கு பயம், உங்க சட்டில இருந்து எடுத்தா அளவு தப்பிரும்னு பயம். தனிச் சட்டி நிலைக்காது அத்தை, தனியா சமைச்சு தனியா சாப்பிடுற பொம்பள சீக்கிரம் அலுத்துப் போயிருவா. நான் இளைச்சது எங்க மாமியார் சட்டில இருந்துதான். அவுக தேங்காய குறைச்சாக, நான் சோத்த குறைச்சேன், ரெண்டு பேரும் சேந்துதான் அது நடந்துச்சு. தொடர்ல பலகாரத் தூக்குவாளிய வச்சு நான் அவ்வளவு சிரிக்க வச்சேன்ல, அந்த வாளிய பரண்ல தூக்கி வச்சதும் அவுகதான், நான் கேக்காமலே.

நீங்க செய்ய வேண்டியது ரொம்ப கம்மி. மீன் குழம்புக்கு தேங்காய பாதியா குறைங்க, 100 கிராம் தேங்காயில 350 கலோரி இருக்கு, அதுக்குப் பதிலா தக்காளியும் சின்ன வெங்காயமும் கூட்டி அரைச்சா குழம்பு கெட்டியா வரும். காரம், புளி எதையும் குறைக்க வேணாம், 2023ல புவிசார் குறியீடு வாங்குன நம்ம ராமநாதபுரம் முண்டு மிளகாய நீங்க எவ்வளவு போட்டாலும் அதுல எடை ஏறாது. தாளிக்க எண்ணெய பாட்டில்ல இருந்து ஊத்தாம ஸ்பூன்ல அளந்து ஊத்துங்க. மீன பொரிக்கிற அன்னைக்கு தோசைக்கல்லுல கொஞ்சமா எண்ணெய் தடவி வாட்டி எடுங்க, விளைமீன், நகரை எல்லாம் அப்படி நல்லாவே இருக்கும். ஒரு பொரியல், ஒரு கீரை தினமும் கூட இருக்கட்டும். பிறகு மருமகள கூப்பிட்டு, "இதுல எண்ணெய் இத்தன ஸ்பூன்தான், தேங்காய் பாதிதான், வா சாப்பிடு"ன்னு சொல்லிப் பாருங்க. முதல் நாளே வரலேன்னாலும் விடாதீக அத்தை, மறுநாளும் கூப்பிடுங்க.